இன்னும் கொஞ்சம் கல்

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கே நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் குனிந்தது குனிந்தபடியே கிடப்பாய், எனக்குத் தெரியாதா. நடுநடுவே எழுந்து நட. உன் போனுக்கு அடித்து அடித்துச் சலித்துப் போனேன். போன மழையில் மலை சரிந்தபோது சாய்ந்த டவரை நிமிர்த்த இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு நல்ல செய்தி. மலையில் மேல் வரிசை வீடுகளில் இருக்கிற உங்கள் எல்லாரையும் கீழே ஏரிக்கரைப் பக்கம் குடியமர்த்தப் போகிறார்கள் அல்லவா, அந்த வீடுகளை வரையும் வேலை எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்கிறது. எங்கள் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்கா இருக்கற இடம்தானே, நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

தரையை வெட்டிச் சமப்படுத்தும் பேச்சே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மண் எப்படி இறங்குகிறதோ அப்படியே வீடுகளும் படிப்படியாக இறங்கும். மழைத் தண்ணீர் வழக்கமாக ஓடும் வழியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வீடுகள். எல்லா வாசலும் பொதுவான ஒரு முற்றத்தைப் பார்க்கும். ஒருத்தர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் அடுத்தவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் என் எண்ணம்.

இன்னொன்று. போன மழையில் விழுந்த கல்லையெல்லாம் என்ன செய்வது என்று நிர்வாகம் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கல்லிலேயே சுவர் எழுப்பலாம் என்றேன். பெரியவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதை எழுதும்போது மட்டும் எனக்குக் கை தயங்குகிறது. அத்தான் விஷயம் இருக்கிறது. உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றால் ஒரு வார்த்தை சொல், வேறு கல் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த மழைக்குள் நீ கீழே இறங்கிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 24

என் அருமைத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு வார்த்தை புரியாமல் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் காட்டினேன், அவள்தான் சிரித்தாள். என் முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் மனைவிக்கு இருமல் விட்டதா? நீ ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் படுக்கிற பழக்கத்தை இன்னுமா விடவில்லை?

கல்லை எடு. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? எவ்வளவு வேண்டுமோ எடு.

குழாய் உடைந்து சரிவெல்லாம் தண்ணீர் ஊறுகிறது, வால்வை மூடிவிட்டு வந்துவிடுகிறேன் என்று பம்ப் ஹவுஸுக்குப் போனவர் உன் அத்தான். போன கொஞ்ச நேரத்தில் மலை இறங்கிவிட்டது. தேடும் ஆட்கள் வந்து சில வாரம் தோண்டிப் பார்த்தார்கள். அப்புறம் மண் இளகுகிறது, ஆபத்து என்று சொல்லித் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தமே கிடையாது. போய்க் கேட்டால், பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார்கள். எதைப் பார்க்கப் போகிறார்களோ தெரியவில்லை.

அதனால் நீ எடு. ஒன்று மட்டும் சொல்கிறேன். பம்ப் ஹவுஸ் இருந்த பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல். அங்கேதான் கல் பெரிது பெரிதாக, சுவருக்கு ஏற்ற மாதிரி கிடக்கிறது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

கீழே இறங்குவதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் வீடு எழும்பட்டும். கோடு போட்டே சோறு தின்கிறவன் என்று உன் அத்தான் உன்னைக் கிண்டல் செய்வாரே, அந்தக் கோடு சுவராகிறதா என்று பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே இருமல் விட்டுவிட்டது. ஜன்னலை மூடிவிட்டோம், உனக்குத் திருப்தியா?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எங்கே மறுத்துவிடுவாயோ என்று பயந்துகொண்டிருந்தேன். நீ இவ்வளவு தெளிவாக இருப்பாய் என்று நினைக்கவில்லை. பெரியவரிடம் சொன்னேன். அவரும் ஆச்சரியப்பட்டார்.

கல் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீ சொன்ன பக்கத்திலிருந்தே. மேஸ்திரி அனுபவசாலி, நல்ல மனிதர். என் பெயரைச் சொல்லி ஏதாவது வேண்டும் என்றால் தயங்காமல் கேள்.

இத்துடன் வரைபடம் வைத்திருக்கிறேன். பச்சைப் பென்சிலால் வட்டமிட்டது உன் வீடு. மெஷின் போடுவதற்கு வெளிச்சமான மூலை ஒன்று ஒதுக்கியிருக்கிறேன். மேல் வரிசைக்காரர்கள் எல்லாரிடமும் காட்டு. அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக இருக்கிறார். நானும்தான். என்ன குறை, என்ன சேர்க்க வேண்டும், மனதில் பட்டதை எழுது. நீ எழுதினால் நேரே வரைபடத்தில் ஏறும்.

முதல் வீடுகள் மழைக்கு முன்னால் தயாராகிவிடும். உன்னுடையது அதில் ஒன்று.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 8

என் அருமைத் தம்பிக்கு,

சுகமா? இங்கே எல்லாரும் சுகம்.

வரைபடத்தை மேல் வரிசை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆளுக்கொரு நாட்டாமை. எல்லா வாசலும் ஒரே முற்றத்தைப் பார்த்தால் சண்டை போட்டவர்கள் மூஞ்சியை எங்கே திருப்பிக்கொள்வது என்று டீச்சரம்மா கேட்கிறாள். அவளுக்கு இங்கே யாருடன்தான் சண்டை இல்லை? கோடி வீட்டுக்காரர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வேண்டியது வேறு. சுவரெல்லாம் ஒல்லியாக இருக்கிற மாதிரி தெரிகிறது. இன்னும் கனமாக வேண்டாமா? காற்று எப்படி அடிக்கும் என்று நீ மறந்துவிட்டாய். முற்றத்தைச் சுற்றி உட்கார இடமே காணோம், கல் பெஞ்சு போட்டால் எல்லாரும் உட்காருவார்கள். தண்ணீர் ஓடும் வழிக்கு இரண்டு பக்கமும் கல் அடுக்கிக் கரை கட்டு. படிகளை அகலமாக்கு, எல்லாருக்கும் வயதாகிறது.

மேஸ்திரியைத் தினமும் பார்க்கிறேன். லாரியில் கல் ஏற்றும் இடத்துக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்ல மாதிரி. அதிகம் பேச மாட்டார். கல்லைத் தூக்குவதற்கு முன் என்னை ஒரு தரம் பார்ப்பார், அப்புறம்தான் தூக்கச் சொல்லுவார்.

நீ கேட்டதற்கெல்லாம் எழுதிவிட்டேன். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இன்னும் எவ்வளவு கல் தேவைப்படும்? சரியாகப் பார்த்து எழுது.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நீ சொன்னது அத்தனையும் வரைபடத்தில் ஏறிவிட்டது. கனமான சுவர், கல் பெஞ்சு, கரை, அகலமான படி, எல்லாம். அலுவலகத்தில் உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன், கோபிக்காதே. கோடி வீட்டுக்காரர் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர், "குடியிருக்கப் போறவங்க பேசினா வீடு தானா வந்துடும்" என்று சொல்லி என் முதுகில் தட்டினார். எத்தனையோ வேலை செய்திருக்கிறேன், இப்படி ஒரு பாராட்டு வாங்கியதில்லை. உன்னால்தான்.

கல் கணக்குக் கேட்டிருந்தாய். இதெல்லாம் சேர்த்தும் அடுத்த மாதத்துக்குள் தேவையானது வந்துவிடும் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன்பின் அந்தப் பக்கம் எடுக்கும் வேலை இருக்காது. தூசியும் சத்தமும் இல்லாமல் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

நேரில் வந்து பார்க்க எனக்கும் ஆசைதான். வேலை கழுத்தைப் பிடிக்கிறது. மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
தம்பி


மே 9

தம்பி,

சுகம். உடனே எழுதுகிறேன், நாளைத் தபாலில் போக வேண்டும்.

அடுத்த மாதத்தோடு முடிந்துவிடும் என்றால் எப்படி? அதற்குள் எப்படிப் போதும்? நீ சரியாகப் பார்த்தாயா? கிழக்குப் பக்கம் பூராவும் திறந்து கிடக்கிறது, வரைபடத்தில் நானே பார்த்தேன். அங்கே ஒரு சுவர் வேண்டாமா? ஏரிக்காற்று நேரே வீட்டுக்குள் வரும். நீ போட்ட பெஞ்சும் ஒரு பக்கம்தான் இருக்கிறது, மறுபக்கமும் போடலாம். மேல் வரிசையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சத்தத்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சத்தம் இருக்கட்டும்.

யோசித்துச் செய். இன்னும் கொஞ்சம் கல் எடுக்கச் சொல்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? சாப்பிடுகிறாயா?

கிழக்குப் பக்கம் ஒரு சுவர் சேர்த்திருக்கிறேன். கல் சுவர். முற்றத்தில் ஆரம்பித்து ஏரிக்கரை வரைக்கும் போகிறது. நீளமான சுவர்தான். அதனால் கல் எடுக்கும் வேலை தொடரும். மறுபக்கமும் பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறேன்.

பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவர் எதைத் தடுக்குது?" என்று கேட்டார். காற்றை என்று சொன்னேன். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வெயிலில் ரொம்ப நேரம் நிற்காதே.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

சுவர் நல்ல நீளம். நன்றாக இருக்கட்டும்.

நீ சைட்டுக்கு வந்துவிட்டுப் போனதாக மேஸ்திரி சொன்னார். காலையில் வந்து சாயங்காலம் போய்விட்டாயாம். நான் வெயிலில் நிற்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன், அவர் சொன்னதும் விளங்கிவிட்டது. இங்கிருந்து எட்டிப் பார்த்தால் சைட் தெரியும். அன்றைக்கு உனக்குப் பிடித்தது சமைத்திருப்பேன். வேலை அவசரமாக இருந்திருக்கும். சரி போகட்டும்.

போன வாரம் வால்வு கிடைத்தது. பம்ப் ஹவுஸ் கூரை அப்படியே மடங்கி அதன்மேல் கிடந்தது. கூரையைத் தூக்கினால் அடியில் குழாய், அதில் வால்வு. மேஸ்திரி இறங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கைப்பிடிச் சக்கரம் முழுக்கத் திருகி இறுகியிருக்கிறது. உன் அத்தான் மூடியிருக்கிறார். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? மூடிவிட்டார் என்றால் அப்புறம் அங்கே நிற்க அவருக்கு என்ன வேலை? வீட்டுக்குத்தான் கிளம்பியிருப்பார். பின்பக்க ஒற்றையடிப் பாதையில்தான் எப்போதும் வருவார். இத்தனை நாள் நாம் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மேல் வரிசைக்கு நேர் கீழே, எங்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் இறங்குகிற சரிவு இருக்கிறதே, அங்கே எடுக்கச் சொல். உனக்கு இனி நான் சுவர், பெஞ்சு என்று சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். நீ அந்தச் சுவரை எதற்குப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் எதற்குக் கேட்டேன் என்று உனக்கும் தெரியும்.

எனக்கு அவர் வேண்டும். எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எடுத்துக் கொடு.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது?

ஆமாம், வந்தேன். லாரி ஏற்றும் இடத்தில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். நான் சிமெண்ட் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா தினமும் வருவார்களா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "விடிஞ்சா வந்துடுவாங்க சார். நாங்க கல்லைப் பாக்கறோம். அவங்க கல்லைத் தூக்கினதும் அடியில பாக்கறாங்க." அப்போதுதான் உன் கடிதங்கள் எனக்கு விளங்கின. அலுவலகத்தில் அவற்றை வாசித்துக் காட்டிச் சிரித்தவன் நான். மதியம் நீ வீட்டுக்குப் போனபின் உன் வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் பாதி தூரம் ஏறினேன். உன் மெஷின் சத்தம் கேட்டது. திரும்பி இறங்கிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஊருக்கு வந்து ஒரு சுவர் வரைந்தேன்.

உன் கடைசிக் கடிதம் வந்ததும், நீ சொன்ன பக்கமே எடுக்கச் சொல்லி மேஸ்திரிக்குத் தகவல் அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை. போன வாரம் மண் ஆய்வு செய்கிறவர் வந்து பார்த்துவிட்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "அடிவாரத்துல கல்லை உருவிட்டா மேல இருக்கற வீடு எதுமேல சார் நிக்கும்? இதுகூடவா தெரியாது?" தெரியும். படித்திருக்கிறேன். தெரிந்துகொண்டே செய்தேன். டீச்சரம்மா வீட்டுச் சுவரிலும் உன் சமையல்கட்டுத் தரையிலும் புது விரிசல் ஓடியிருக்கிறதாம். நீ எனக்கு எழுதவில்லை. எழுதினால் நிறுத்திவிடுவேன் என்று பயந்திருப்பாய்.

நிறுத்தச் சொல்லிவிட்டேன். பூசி மெழுகாமல் எழுதுகிறேன், அக்கா. கல் போதும். அத்தான் இறந்துவிட்டார். அவரை எடுக்க முடியாது. அவரைத் தேடி நாம் இன்னும் ஒரு லாரி கல் எடுத்தால் மேலே தூங்குகிறவர்கள் எல்லாரும் மண்ணோடு கீழே வந்துவிடுவார்கள், நீயும்தான். மழை வரப்போகிறது. முதல் வீடுகளுக்குக் கூரை போட்டாகிவிட்டது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கு. நீ இறங்கினால்தான் அவர்கள் இறங்குவார்கள்.

"இதை லெட்டர்லயா எழுதுவீங்க? நேர்ல போய்ச் சொல்லுங்க" என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். தபால் என்னைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும் என்று அவளிடம் சொன்னேன். அது சாக்கு. எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 20

அக்கா,

நலமா? ஒரு வரி எழுது, போதும்.

மழை விடாமல் பெய்கிறது என்று செய்தியில் காட்டுகிறார்கள். ரோடு துண்டாகிவிட்டது, சைட்டிலிருந்தும் தகவல் இல்லை. மேஸ்திரியும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன், பாதி வழி வரைக்கும்தான் வண்டி விடுகிறார்களாம், அதற்கு மேல் யாரையும் அனுப்புவதில்லையாம். இந்தக் கடிதமும் எப்போது போய்ச் சேருமோ தெரியாது.

என் மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி


செப்டம்பர் 30

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். கீழே இருக்கிறேன். மேல் வரிசையில் எல்லாரும் இறங்கிவிட்டோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்தாங்கொள்ளி. ரோடு நேற்றுத்தான் திறந்தது. சாப்பிடு.

உன் ஜூலைக் கடிதம் மழைக்கு முன்பே வந்துவிட்டது. படித்துவிட்டு உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். டீச்சரம்மா என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். "செத்துட்டார்னு எழுதியிருக்கான்" என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உனக்குத் தெரியுமா, இத்தனை மாதத்தில் ஒருத்தரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வந்துவிடுவார் என்று சொல்லவும் ஆளில்லை, போய்விட்டார் என்று சொல்லவும் ஆளில்லை. எல்லாரும் அவர் விஷயம், அவர் விஷயம் என்றே பேசினார்கள். நீயும் அப்படித்தான் எழுதினாய். கடைசியில் நீதான் சொன்னாய். அதற்காகத்தான் அவ்வளவு கோபம் வந்தது, பதில் எழுதக் கை வரவில்லை.

மறுநாள் லாரி ஏற்றும் இடத்துக்குப் போனேன். தோண்டும் மெஷினும் லாரியும் போய்விட்டன. வேலையை நிறுத்தச் சொல்லி உன் தகவல் வந்தது எனக்குத் தெரியும். ஆனால் மேஸ்திரியும் இரண்டு மூன்று பேரும் கடப்பாரையை வைத்துக்கொண்டு கையாலேயே புரட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இன்னும் வர்றீங்களேம்மா" என்றார்.

நான் வருகிற வரைக்கும் அவர்கள் தோண்டுவார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரிசலுக்கு நேர் கீழே நின்றுகொண்டு தோண்டுவார்கள். மேல் வரிசைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் உன் அத்தான் அந்த மழையில் வால்வை மூடப் போனார். அவரைத் தேடுகிறேன் என்று அதே மேல் வரிசையை நானே சரித்துவிடப் பார்த்தேன். எப்படியோ, போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். அத்தோடு முடிந்தது.

அன்றைக்கே மூட்டை கட்டினேன். நான் கட்டுவதைப் பார்த்து எல்லாரும் கட்டினார்கள். தையல் மெஷினை மேஸ்திரி ஆட்கள் தூக்கி வந்தார்கள். மழையின் நடுவில் மேல் வரிசை முழுக்கச் சரிந்து போய்விட்டது. இங்கிருந்து பார்த்தால் என் வீடு இருந்த இடம் எது, டீச்சரம்மா வீடு எது என்று ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. உன் அத்தான் மேல் இன்னும் ஒரு மலை ஏறிக்கொண்டது.

வீட்டைப் பற்றி நீ கேட்பாய், சொல்லிவிடுகிறேன். ஒழுகவில்லை. தண்ணீர் நீ விட்ட வழியிலேயே ஓடியது, ஒரு வாசலுக்குள்ளும் வரவில்லை. வெளிச்சம் நன்றாக வருகிறது. ஆனால் எல்லாரும் எல்லாரையும் பார்க்கும்படி கட்டிவைத்துவிட்டாய். ஒண்டிக்கட்டை என்று நிமிஷத்துக்கு ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். நடக்கும்போது சுவரில் கை படுகிறது, எந்தக் கல் அவர் மேல் கிடந்ததோ என்று தோன்றுகிறது. சுவர் ஓரமாகப் படுக்கவும் முடியவில்லை, தள்ளிப் படுக்கவும் மனம் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் கிழக்குச் சுவர் பாதியில் நிற்கிறது. அதற்கு மேல் கல் ஏது? போன வாரம் உன் பெரியவர் வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க யாரோ இரண்டு பேரை அனுப்பியிருந்தார். முழங்கால் சேற்றில் நடந்து வந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். இது ஏன் இங்கே வந்து நின்றுவிடுகிறது என்று என்னைக் கேட்டார்கள். வரைந்தவனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் அழவே இல்லை என்று இங்கே பலருக்கு என் மேல் ஒரு மாதிரி. கல்நெஞ்சுக்காரி என்று பேசியது என் காதுக்கே வந்தது. அழுதால், அவர் இல்லை என்று இவளே நம்பிவிட்டாள், இனி எதற்குத் தோண்ட வேண்டும் என்று எல்லாரும் கையைக் கழுவிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்திலேயே அழுகையை அடக்கி வைத்திருந்தேன். இப்போது அதற்கு அவசியம் இல்லை. யார் என்ன நினைத்தாலும் நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. ஆனாலும் வரமாட்டேன் என்கிறது. தனியாக உட்கார்ந்து பார்த்தேன், டீச்சரம்மா மடியில் படுத்துப் பார்த்தேன். அவரை என்னைப் போலவே தெரிந்த ஒருத்தர் எதிரே இருந்தால் வரும் என்று நினைக்கிறேன். அப்படி ஒருத்தன் நீதான் மிச்சம்.

பஸ் இப்போது கடைசி வரைக்கும் வருகிறது. வரைபடம் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வராதே. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டும் வராதே, ஒன்றும் பேச வேண்டாம். சைட்டுக்கு வராதே, தம்பி. வீட்டுக்கு வா.

அக்கா